ஹாட் ஸ்பிரிங்ஸில் நடக்காத ஒரு நாள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரின் கடைத்தெருவே அப்பலாச்சியன் டிரெயில் என்னும் நீண்ட நடைப்பாதையின் ஒரு பகுதியாகும். ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடியும் இந்தப் பாதை ஏறத்தாழ 2,190 மைல், அதாவது 3,500 கிலோமீட்டர் நீளமுள்ளது. பெரும்பாலான இடங்களில் அது ஊர்களைத் தொடாமல் மலைமுகட்டிலேயே போகிறது. சாப்பாட்டுக்கோ தபாலுக்கோ போக வேண்டுமானால், தார்ச்சாலை குறுக்கிடும் கணவாயில் நின்று, வருகிற வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, பள்ளத்தாக்குக்கு இறங்க வேண்டும். ஹாட் ஸ்பிரிங்ஸில் அந்தச் சிரமம் இல்லை. காட்டிலிருந்து இறங்கும் பாதை பிரிட்ஜ் தெருவின் நடைமேடையில் ஏறி, மளிகைக் கடை, உணவகம், தபால் நிலையம் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு, பிரெஞ்ச் பிராட் ஆற்றின் பாலத்தைக் கடந்து மறுபடியும் காட்டுக்குள் போய்விடுகிறது. மரங்களில் கண்டு பழகிய வெள்ளைப் பட்டைக் குறி, இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் கொண்ட அதே குறி, இங்கே கம்பங்களில் தீட்டப்பட்டிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஏப்ரல் மாதத்தில், நானும் என் தம்பியும் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி வர்ஜீனியா எல்லையிலுள்ள டமாஸ்கஸ் வரை, சுமார் 470 மைல் நடந்தோம். நான் அட்லாண்டாவில் வேலை செய்கிறேன். தம்பி பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தான். அந்தப் பயணத்தில் எங்களை டமாஸ்கஸ் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது எது என்று யாராவது கேட்டால், ஹாட் ஸ்பிரிங்ஸில் நாங்கள் நடக்காமல் இருந்த அந்த ஒரு நாள் என்றுதான் சொல்வேன். அதனால்தான் ஏறிய மலைகளை விட்டுவிட்டு அந்த நாளைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு மைல்கூட நடக்காத நாளை நடைப்பயணிகள் 'ஜீரோ' என்பார்கள். காலையில் கொஞ்சம் நடந்து ஊருக்கு வந்து சேர்ந்துவிடும் நாள் 'நீரோ'. நாங்கள் நீரோவாக வந்து, ஜீரோவாக ஒரு நாள் தங்கி, அதற்கடுத்த நாள் நண்பகலுக்குப் பின் கிளம்புவதென்று திட்டமிட்டிருந்தோம். தம்பிக்கு இதில் அவ்வளவாக விருப்பமில்லை. ஊருக்கு வருவதற்கு முந்தின இரவு டியர் பார்க் மலையில் நடைப்பயணிகளுக்கான மரக்கொட்டகையில் படுத்துக்கொண்டு, "தபால்ல வந்த பெட்டிய வாங்கிட்டு, கடைக்குப் போய்ட்டு, மத்தியானமே கெளம்பிரலாங்க்கா. ஒரு நாள் நின்னா பதினஞ்சு மைல் போச்சு" என்றான். "ஒரு நாள் முழுசா நின்னுட்டுத்தான்டா கெளம்பறோம். உன் காலை நீயே ஒருக்கா அமுக்கிப் பாரு" என்றேன். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் அவனுக்கு ஸ்மோக்கி மலைகளைக் கடந்ததிலிருந்தே வலித்துக்கொண்டிருந்தது. காலையில் எழுந்தவுடன் முதல் நூறு அடி நொண்டுவான். சூடு ஏறியதும் வலி மறைந்துவிடும். மறைந்ததும் சரியாகிவிட்டதென்று சொல்லிவிடுவான்.

இந்த வலியை நான் ஏன் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். தினமும் மலை ஏறி இறங்குபவருக்கு இரண்டு மூன்று வாரத்தில் மூச்சு பழகிவிடுகிறது, தொடையும் கெண்டைக்காலும் வலுவாகிவிடுகின்றன. ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அவை பலப்பட மாதக்கணக்கில் ஆகும். ஆகவே மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஒருவர் தம்மைப் பலசாலியாக உணர்கிறார், தினசரி மைல்களைக் கூட்டுகிறார், அவருடைய நாண்கள் மட்டும் இன்னும் முதல் வாரத்திலேயே இருக்கின்றன. அப்பலாச்சியன் டிரெயிலை முழுதாக நடக்கக் கிளம்புபவர்களில் சுமார் நான்கில் ஒருவர்தான் முடிக்கிறார். பணம், வீட்டு நினைவு, மழை என்று விலகுவதற்குக் காரணங்கள் பல உண்டு. இருந்தாலும் காலைக் கவனிக்காமல் போனவர்கள் அவர்களில் கணிசமானவர்கள் என்பதை வழியில் கண்ணாரக் கண்டேன். ஸ்பிரிங்கரிலிருந்து ஹாட் ஸ்பிரிங்ஸ் சுமார் 275 மைல். சரியாக அந்த ஆபத்தான வாரங்களில்தான் இந்த ஊர் வருகிறது. உடல் கெஞ்சும்வரை காத்திருக்காமல், நன்றாக நடக்க முடிகிறது என்று தோன்றும்போதே ஒரு நாள் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஊருக்கு வரும் வழியும் ஓய்வைக் கேட்கிற வழிதான். ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவின் வடக்கு எல்லையான டேவன்போர்ட் கணவாயிலிருந்து ஹாட் ஸ்பிரிங்ஸ் ஏறத்தாழ 35 மைல். நடுவில் மாக்ஸ் பேட்ச் என்னும் மொட்டைக் குன்று. 4,629 அடி உயரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்நடை மேய்ச்சலுக்காக மரங்களை வெட்டி அகற்றிய புல்வெளி அது; எந்தப் பக்கம் திரும்பினாலும் நீல மலைவரிசைதான். கூட்டம் அளவு மீறிப் புல்வெளி சிதைந்ததால் 2021-இல் அங்கே கூடாரமடிக்கத் தடை விதித்தார்கள், சரியான முடிவு. அதன்பின் பிளஃப் மலையின் 4,686 அடியிலிருந்து ஊரின் 1,300 சொச்சம் அடிக்கு, பத்து மைல் தூரத்தில் மூவாயிரம் அடிக்கு மேல் இறங்குகிறது பாதை. ஏற்றத்தைவிட இறக்கமே முழங்காலைத் தின்னும். கீழே வரும்போது காற்றின் குளிர் விலகி, மேலே மொட்டாக இருந்த மரங்கள் இலைவிட்டு நிற்பதைப் பார்க்கலாம்; ஒரே காலைப்பொழுதில் இரண்டு வாரம் முன்னே போய்விட்டதைப் போல இருக்கும்.

ஊரில் வந்து சேர்ந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை சோப்புப் போட்டுக் கைகழுவியது. இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. நோரோ வைரஸால் வரும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் இந்தப் பாதையில் அடிக்கடி பரவும். கொட்டகைகளிலும் விடுதிகளிலும் எல்லோரும் நெருங்கிப் படுத்து, ஒரே சிப்ஸ் பொட்டலத்தில் கைவிடுவதால் ஒருவருக்கு வந்தால் பத்துப் பேருக்கு வரும். எல்லோரும் பையில் வைத்திருக்கும் ஆல்கஹால் கைத்தெளிப்பு இந்த வைரஸுக்கு எதிராகச் சரியாக வேலை செய்வதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும், அவை இரண்டும் ஊரில்தான் கிடைக்கும்.

அடுத்தது துணி. முழு ஓய்வு நாளை முன்வைத்து வேலைகளை எல்லாம் வந்த அன்றே முடித்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஜீரோ நாளில் கடைக்கும் சலவைக்கும் அலைபவர்கள் ஓய்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நாணயம் போட்டு இயக்கும் சலவைக்கூடத்தில், மழைச்சட்டையும் மழைக்கால்சட்டையும் மட்டும் உடுத்திக்கொண்டு ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவரிடம் இருப்பதே இரண்டு மூன்று துணி என்பதால் மற்ற எல்லாம் இயந்திரத்துக்குள் இருந்தது. என் காலுறைகளை முதலில் வெளியே இருந்த குழாயில் அலசினேன். முதல் அலசலில் வந்த நீர் காப்பிக் கஷாயம் போலக் கறுத்திருந்தது. ஏழெட்டு முறை பிழிந்தபிறகும் விரல் மடிப்புகளில் பொடி மணல் கசிந்துகொண்டே இருந்தது. அந்த மணல்தான் கொப்புளங்களுக்குக் காரணம். தையலின் உட்புறத்தை வெளியே திருப்பி, நகத்தால் சுரண்டி, அதன்பின் இயந்திரத்தில் போட்டேன். டமாஸ்கஸ் வரை எனக்குப் புதிய கொப்புளம் வரவில்லை.

தபால் நிலையத்துக்கு மூடும் நேரத்துக்கு முன் போய்ச் சேர்ந்தோம். அமெரிக்கத் தபால் துறையில் ஜெனரல் டெலிவரி என்ற வசதி உண்டு: பெறுபவர் பெயர், ஊர், அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவற்றோடு ஜெனரல் டெலிவரி என்று எழுதி அனுப்பினால், அந்த ஊரின் தபால் நிலையம் நமக்காகப் பெட்டியை எடுத்துவைத்திருக்கும். நடைப்பயணிகள் தாங்கள் வந்துசேரும் தேதியை உத்தேசமாகப் பெட்டிமேல் பெரிய எழுத்தில் எழுதிவிடுவது வழக்கம். முப்பது நாள்வரை வைத்திருப்பார்கள். பிரையாரிட்டி மெயிலாக அனுப்பிய பெட்டியைத் திறக்காமல் இருந்தால், கட்டணமில்லாமலே அடுத்த ஊருக்குத் திருப்பி அனுப்பவும் செய்யலாம். சிற்றூர்த் தபால் நிலையங்கள் சனிக்கிழமை சிறிது நேரமே திறந்திருக்கும், ஞாயிறு திறக்காது. வார இறுதியில் பெட்டிக்காக ஊரில் மாட்டிக்கொண்டு, விருப்பமில்லாமல் இரண்டு இரவு அறை வாடகை கொடுத்தவர்கள் பலரைப் பார்த்ததால், எந்த ஊருக்கு எந்தக் கிழமை போகிறோம் என்பதைப் பார்த்தே நாங்கள் நடந்தோம்.

எங்கள் பெட்டியில் இருந்தது அட்லாண்டாவில் நானே கட்டிவைத்த சாமான்கள். பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, வறுத்த ரவை, நெய்யை உருக்கி ஊற்றிய சின்ன பிளாஸ்டிக் புட்டி, காயவைத்த புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய். நாங்கள் இருவரும் சைவம். இந்த மலையூர்க் கடைகளில் சைவருக்கு ஒன்றும் கிடைக்காது என்று பயந்து பல இந்தியர்கள் இந்தப் பாதையை யோசிப்பதே இல்லை. அந்தப் பயம் வேண்டாம். ஊரிலிருந்த சிறு பல்பொருள் கடையிலேயே வேர்க்கடலை வெண்ணெய், சப்பாத்தி போன்ற டார்ட்டியா, ஓட்ஸ், உருளைக்கிழங்கு மாவு, பாதாம், உலர்திராட்சை, சீஸ் எல்லாம் கிடைத்தன. டார்ட்டியாவில் நெய் தடவி எள்ளுப் பொடி தூவிச் சுருட்டினால் மலைமேல் அதற்கு இணையான மதிய உணவு வேறில்லை. கடைக்குப் போவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவது அவசியம், பசியோடு போனால் தேவைக்கு மேல் வாங்கி அதையெல்லாம் முதுகில் சுமக்க நேரும். அடுத்த ஊரான டென்னசியின் எர்வின் சுமார் 70 மைல் தள்ளி இருந்தது. ஐந்து நாள் உணவு, ஆளுக்கு நாளொன்றுக்கு 800 கிராம் வீதம் நான்கு கிலோ. இதற்கே முதுகுப்பை கனத்துவிடும். ஆனாலும் 800 கிராம் உலர் உணவில் 3,500 கலோரி அளவுக்குத்தான் இருக்கும். இந்த மலைகளில் நாள் முழுதும் சுமையோடு நடப்பவருக்குச் செலவாவதோ 4,000-க்கும் மேல். சுமந்துபோகிற உணவால் மட்டும் இந்தக் கணக்கை நேர் செய்யவே முடியாது. விடுபட்டதை ஊரில்தான் சாப்பிட்டு ஈடுகட்ட வேண்டும்.

அதனால் சாப்பிட்டோம். வந்த அன்று மாலை, சன்னிபேங்க் என்னும் பழைய மர வீட்டில் சாப்பாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய அந்த வீடு பல பத்தாண்டுகளாக நடைப்பயணிகளுக்குத் தங்குமிடமாக இருந்து, சைவச் சாப்பாட்டுக்கே பெயர் பெற்றிருந்தது. எங்களுக்கு அது எதிர்பாராத பேறு. நீண்ட மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார, பாத்திரங்கள் கைமாறி வந்தன: பீன்ஸ் சூப், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி, கிண்ணம் நிறையப் பச்சைக் கீரை. கீரையைத்தான் எல்லோரும் முதலில் காலி செய்தார்கள். மூன்று வாரம் பொட்டலச் சாப்பாடு சாப்பிட்டவருக்கு இனிப்பைவிடப் பச்சையின்மேல்தான் ஆசை வருகிறது. இசைக்கருவிகளும் புத்தக அலமாரிகளும் நிறைந்த அந்த வீட்டில், 1948-இல் இந்தப் பாதையை முதன்முதலில் ஒரே பயணமாக நடந்து முடித்த எர்ல் ஷாஃபரும் தங்கியிருக்கிறார். அதைவிட எனக்கு மனம் நெகிழ்ந்த செய்தி வேறொன்று. ஷாஃபருக்கு முன்பே அதே வீட்டில் விருந்தினர் விடுதி நடத்திய ஜேன் ஹிக்ஸ் ஜென்ட்ரி என்ற பெண்மணியிடமிருந்துதான், 1916-இல் இங்கிலாந்திலிருந்து வந்த நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் செசில் ஷார்ப் அறுபதுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். கடல் கடந்து வந்த முன்னோர்களின் பாடல்களை, எழுத்தில் இல்லாமல் வாய்வழியே, வீட்டுவேலைக்கு நடுவே காத்துவைத்திருந்தவர் அவர். இந்த ஊரில் ஒரு நாள் நின்றதால்தான் இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது. மைல் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டு போயிருந்தால், ஒரு பெயர்ப்பலகையைக் கடந்துபோயிருப்போம், அவ்வளவுதான்.

ஊரின் வரலாறே வழிப்போக்கர்களின் வரலாறு. 1828-இல் முடிந்த பன்கம் டர்ன்பைக் என்னும் சாலை பிரெஞ்ச் பிராட் ஆற்றங்கரையோடு வந்து இவ்வூர் வழியே சென்றது. டென்னசியிலிருந்து தென் கரோலினாவின் சந்தைகளுக்குப் பன்றிகளையும் வான்கோழிகளையும் மந்தை மந்தையாக ஓட்டிச் சென்றவர்கள், சில மைலுக்கு ஒன்றாக இருந்த விடுதிகளில் இரவு தங்கி, கால்நடைக்கு மக்காச்சோளம் போட்டு, காலையில் கிளம்பினார்கள். 1882-இல் ரயில் வந்தபின் மந்தைகள் நின்றுபோக, வெந்நீர் ஊற்றுக்காகச் செல்வர்கள் வந்தார்கள். ஆற்றங்கரையில் மவுண்டன் பார்க் என்ற பெரிய ஓட்டல் எழுந்தது. முதல் உலகப்போரின்போது, 1917-இல், அமெரிக்கத் துறைமுகங்களில் அகப்பட்டுக்கொண்ட ஜெர்மானியக் கப்பல்களின் மாலுமிகளும் அலுவலர்களும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், அந்த ஓட்டலிலும் அதன் தோட்டத்திலும் காவலில் வைக்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் ஆற்றில் ஒதுங்கிய மரத்துண்டுகளையும் கழிவுப் பொருள்களையும் கொண்டு தங்கள் நாட்டுப் பாணியில் குட்டிக் குட்டி வீடுகளாலான ஒரு கிராமத்தையே கட்டினார்களாம். 1918 கோடையில் அவர்களை வேறிடத்துக்கு மாற்றினார்கள், 1920-இல் ஓட்டல் எரிந்துபோனது. இப்போது ஊரில் ஐந்நூறு பேர் அளவில்தான் வசிக்கிறார்கள்.

ஜீரோ நாளின் காலையை நாங்கள் படுக்கையிலேயே கழித்தோம். ஆனால் நாள் முழுதும் படுத்தே கிடப்பதும் சரியில்லை; கெண்டைக்கால் இறுகிப்போய், மறுநாள் முதல் ஏற்றம் இரும்பைத் தூக்குவதுபோல ஆகிவிடும். அதனால் பத்து மணிக்குமேல், செருப்பைப் போட்டுக்கொண்டு, முதுகில் ஒன்றும் இல்லாமல், ஆற்றங்கரைவரை மெதுவாகப் போய்வந்தோம். தசைகளில் தீர்ந்துபோன சர்க்கரைச் சேமிப்பு மறுபடி நிரம்ப, வயிறாரச் சாப்பிட்டால் ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஒரு வேளை பெரிய சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மத்தியானமே கிளம்பினால் அது நிரம்புவதில்லை. தம்பியிடம் மரக்கொட்டகையில் நான் சொல்ல முயன்றது இதைத்தான். மாலையில் வெந்நீர்த் தொட்டிக்குப் போனோம். ஆற்றோரமாக மணிக்கணக்குக்கு வாடகைக்கு விடப்படும் தொட்டிகள். பூமிக்குள்ளிருந்து வரும் நீர் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய சூட்டோடு வந்து விழுகிறது. கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்தபோது, தம்பி தன் காலை வெளியே நீட்டிக் குதிகாலைத் தானே அமுக்கிப் பார்த்தான். மேல்பாதியில் ஒரு சிறு வீக்கம், கொண்டைக்கடலை அளவு. அவன் அதற்கு முன் அதைக் கையால் தொட்டே பார்த்திருக்கவில்லை. "இன்னொரு நாளும் இருந்துக்கலாமாங்க்கா?" என்று அவனே கேட்டான்.

இருக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம், ஏனென்றால் ஊரிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு நாள் ஓய்வு உடலுக்கு. இரண்டாம் நாள் பெரும்பாலும் மனத்தைத் தளர்த்துகிறது. விடுதியின் திண்ணையில் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்த சிலரைப் பார்த்தோம். காலையில் கிளம்புவதாகச் சொல்வார்கள், மழை வரும்போலிருக்கிறது என்பார்கள், மத்தியானம் யாராவது பழைய நண்பர் பாதையிலிருந்து வந்து சேர்வார், மாலை உணவகத்தில் முடியும். அவர்களை நான் குறை சொல்லவில்லை, அது அவர்களுடைய பயணம். ஆனால் நீண்ட நடையில் பணம் காட்டில் செலவாவதில்லை, ஊரில்தான் செலவாகிறது. அறை, சாப்பாடு, சலவை, வெந்நீர் என்று ஒரு நாள் ஊரில் இருவர் செலவழிப்பது, காட்டில் ஒரு வாரச் செலவைத் தாண்டும். குறைந்த பணத்தோடு வருபவர்கள், காலையிலேயே ஊருக்குள் வந்து, ஓர் இரவு மட்டும் தங்கி, மறுநாள் மாலை கிளம்பினால் இரண்டு பகலின் ஓய்வை ஓர் இரவின் வாடகையில் பெறலாம். வீக்கம் உள்ள காலோடு வந்தவர் மட்டும் கணக்குப் பார்க்காமல் ஒரு முழு ஜீரோ எடுக்க வேண்டும். குணமாகாவிட்டால் இரண்டாவதும் எடுக்கலாம். தம்பியின் வலி அன்று மாலைக்குள் நன்றாகவே குறைந்திருந்தது. தேய்ந்த காலணியை மாற்றி அரை அளவு பெரிதாக வாங்கியதும் ஒரு காரணம். தினமும் நடந்து நடந்து பாதம் விரிவடைந்து, பழைய காலணியின் பின்விளிம்பு அந்த நாணிலேயே அழுத்திக்கொண்டிருந்தது.

அன்றிரவு அம்மாவிடம் பேசினேன். காட்டிலிருந்து கூப்பிட்டால் சிக்னல் விட்டு விட்டு வரும், அம்மாவுக்குப் பாதிதான் கேட்கும். பொள்ளாச்சியில் விடிகாலையாக இருந்த அந்த நேரத்தில் முதல்முறையாக நிதானமாகப் பேச முடிந்தது. "தம்பி காலு எப்படியிருக்குது கண்ணு? எண்ணெ போட்டு நீவி உட்டியா?" என்று கேட்டார். நடக்கிற நாட்களில் சொல்லாமல் விட்ட பலவற்றையும் சொன்னேன். ஓய்வு நாள் வீட்டாருக்கும் தேவைப்படுகிறது. கண்ணுக்கெட்டாத மலையில் பிள்ளைகள் எங்கோ நடக்கிறார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு, ஒரு மணி நேரம் அமைதியாகப் பேசும் குரல் பெரிய மருந்து.

கூடாரத்தை வெயிலில் விரித்துக் காயவைத்தது, தூங்கும் பையைக் காற்றாட விட்டது, தண்ணீர் வடிகட்டியில் ஊசிக்குழலால் எதிர்த்திசையில் நல்ல நீர் செலுத்திச் சேற்றை வெளியேற்றியது, பவர் பேங்குகளில் முழுதாக மின்சாரம் ஏற்றியது ஆகியவை கிளம்பும் நாளின் காலையில் நடந்தன. தேவைக்கு மேலிருந்த ஓட்ஸைப் பயணிகளுக்கான பொதுப்பெட்டியில் போட்டுவிட்டு, யாரோ விட்டுச்சென்ற பாதிச் சுருள் ஒட்டுநாடாவை எடுத்துக்கொண்டேன். குதிகாலில் கொப்புளம் வரும் இடத்தில் முன்கூட்டியே ஒட்டிவிட அதைவிடச் சிறந்த பொருள் இல்லை.

2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் அந்த மலைகளில் கொட்டிய மழையில், ஊருக்கு நடுவே ஓடும் ஸ்பிரிங் கிரீக் என்னும் ஓடையும் பிரெஞ்ச் பிராட் ஆறும் பெருகி, நான் மேலே சொன்ன கடைத்தெருவுக்குள் வெள்ளம் புகுந்தது. கடைகளும் விடுதிகளும் சேற்றில் மூழ்கிய படங்களைப் பார்த்தபோது, நாங்கள் துணி துவைத்த, பெட்டி வாங்கிய தெருவா இது என்று மனம் பதறியது. எர்வினுக்கு அருகே நாங்கள் நோலிச்சக்கி ஆற்றைக் கடந்த பாலமும் அந்த வெள்ளத்தில் போய்விட்டது. ஐந்நூறு பேர் வாழும் ஊருக்கு, வசந்தகாலத்தில் வந்துபோகும் நடைப்பயணிகளின் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் பெரிய வருமானம். அந்தப் பாதையில் போகிறவர்கள் அங்கே ஓர் இரவாவது தங்கிச் செலவழிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த விடுதி, எந்தக் கடை திறந்திருக்கிறது என்பதையும் தபால் நிலைய நேரத்தையும் புறப்படுவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது. என் பயணத்தின்போது இருந்தவை எல்லாம் அப்படியே இருக்குமென்று எண்ணிப் போக வேண்டாம்.

கிளம்பும் நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அதைப் பலர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். பாலத்தைத் தாண்டியதும் பாதை சிறிது தூரம் ஆற்றோடு போய், லவர்ஸ் லீப் என்னும் பாறைமுகட்டுக்குச் செங்குத்தாக ஏறுகிறது. அடுத்த கொட்டகையான ஸ்பிரிங் மவுண்டன் 11 மைல். பையில் ஐந்து நாள் உணவு இருக்கும் அந்த நாளில்தான் சுமை மிக அதிகம், வயிறும் நிறைந்திருக்கும், ஓய்ந்த கால்கள் முதல் ஒரு மணி நேரம் கனமாகவே இருக்கும். காலையிலேயே கிளம்பி 11 மைலையும் முடித்துவிட வேண்டும் என்று போகிறவர், ஜீரோ நாளில் ஆறவிட்ட நாணை முதல் ஏற்றத்திலேயே மறுபடியும் இழுத்துவிடுகிறார். நாங்கள் மதியச் சாப்பாட்டை ஊரிலேயே முடித்து, வெயில் சாய்ந்தபின் கிளம்பி, பாறைமுகட்டில் கொஞ்சம் உட்கார்ந்து, இருட்டுவதற்கு முன் நாலைந்து மைலில் கூடாரமடித்தோம். கொட்டகைக்கு மறுநாள் காலையில்தான் போய்ச் சேர்ந்தோம். தம்பி அன்று எழுந்தவுடன் நொண்டவில்லை.